நானூற்றில் ஒரு பங்கு: கை தாக் சிற்றுருக்கள் குறித்து

மறைந்துபோன ஓர் ஊரை மீண்டும் கட்டிப் பார்க்க விழைபவன் அதன் கோபுரத்தையோ அங்காடியையோதான் முதலில் கட்டுவான் என்று நாம் எண்ணுவோம். ஆனால் மறைந்துபோன விமான நிலையங்களை மேசையின்மீது கட்டி எழுப்புகின்ற ஒரு கூட்டமும் இன்று உலகின் பல நாடுகளில் உண்டு. பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு, இரவில் ஒட்டுப்பலகைக்குச் சாம்பல் வண்ணம் பூசி, மெல்லிய வெள்ளைக் கோடுகள் இழுத்து, ஒரு சாண் நீளம்கூட இல்லாத விமானங்களை அவற்றிற்குரிய வாயில்களில் நிறுத்தி மகிழ்கின்றவர்கள் அவர்கள். இதனைப் பெரியவர்களின் பொம்மை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவோர் இருக்கலாம். நாம் அவ்வாறு ஒதுக்குவதற்கில்லை. ஒன்றை அளவு குறைத்துச் செய்யத் தொடங்கியவன், எதை வைப்பது, எதை விடுவது என்று விரற்கடைக்கு விரற்கடை முடிவு செய்தே ஆகவேண்டும். முடிவு செய்யப்படும் இடத்தில் திறனாய்வுக்கும் வேலை இருக்கிறது.

இவ்வாறு கட்டப்படும் நிலையங்களுள் ஹாங்காங்கின் கை தாக் நிலையத்திற்குத் தனியிடம் உண்டு. ஹோ கை, அவ் தாக் என்னும் இரு செல்வர்கள் கடலைத் தூர்த்து வீட்டுமனைகள் அமைக்கத் தொடங்கிய முயற்சி நிறைவேறாமற் போக, எஞ்சிய நிலம் 1925 முதல் பறக்கும் திடலாயிற்று. இருவர் பெயரும் இணைந்து அதன் பெயராயின. போர்க் காலத்தில், 1941க்கும் 1945க்கும் இடையே, ஆக்கிரமித்திருந்த ஜப்பானியர் போர்க்கைதிகளை வேலை வாங்கித் திடலை விரிவாக்கினர். 1958இல் கவுலூன் விரிகுடாவுக்குள் விரல் நீட்டியது போன்ற புதிய ஓடுபாதை திறக்கப்பட்டது. 1962இல் பயணியர் கட்டடம் எழுந்தது. 1998 ஜூலை 6ஆம் நாள் அதிகாலையில், விமானப் போக்குவரத்துத் துறையின் இயக்குநர் ரிச்சர்டு சீகல் சுருக்கமான ஒரு விடையுரை கூறி ஓடுபாதையின் விளக்குகளை அணைத்தார். அன்றே செக் லாப் கொக் தீவில் புதிய நிலையம் வேலையைத் தொடங்கியது. பழைய பயணியர் கட்டடம் 2004இல் இடிக்கப்பட்டது.

இத்தனை வரலாறு இருந்தும், கை தாக் என்றவுடன் நினைவுக்கு வருவது அதில் இறங்கும் முறையே. மேற்கிலிருந்து வரும் விமானம், வெள்ளையும் செந்நிறமுமாகச் சதுரங்கப் பலகைபோல் வண்ணம் தீட்டப்பட்ட ஒரு குன்றை நோக்கி நேரே வரும். குன்று கண்ணுக்குத் தெரிந்தபின் விமானி கருவிகளை விட்டு விழிகளை நம்பி, வலப்புறமாக 47 பாகை திரும்புவார். திருப்பம் தொடங்கும்போது உயரம் ஏறத்தாழ 200 மீட்டர். அது முடியும்போது கீழே வீட்டுக் கூரைகளும், அவற்றின்மேல் தொலைக்காட்சிக் கம்பங்களும், காயப்போட்ட துணிகளும். அடுத்த சில நொடிகளில் ஓடுபாதை. உலகின் விமானிகள் பேசிப் பேசித் தீராத இறக்கம் இது. சிற்றுருக் கலைஞரை ஈர்ப்பதும் இதுவே என்று அவர்களுள் பலர் சொல்வர். ஆனால் அவர்கள் கட்டுவது இதனையா என்பதே நம் கேள்வி.

முதலில் அவர்கள் கைவண்ணத்திற்குரிய மதிப்பைச் செலுத்திவிடுவோம். இத்துறையில் வழக்கிலுள்ள அளவுகள் இரண்டு: செருமனியின் ஹெர்ப்பா நிறுவனம் பரவலாக்கிய 1:500, ஜெமினி ஜெட்ஸ், ஹாங்காங்கின் டிராகன் முதலிய நிறுவனங்கள் வெளியிட்ட 1:400. இரண்டாவதே இப்போது செல்வாக்கு மிக்கது. துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, வண்ணம் பூசி, சிலிக்கோன் திண்டினால் எழுத்துகளையும் சன்னல்களையும் ஒற்றி எடுக்கின்றனர். உண்மையில் 70.7 மீட்டர் நீளமும் 64.4 மீட்டர் இறக்கை அகலமும் உடைய போயிங் 747-400 இங்கே 17.7 சென்டிமீட்டர் நீளமும் 16.1 சென்டிமீட்டர் அகலமும் ஆகிறது. அதன் பின்னுடலில் பதிவெண் ஒரு மில்லிமீட்டர் உயரம் இருந்தால் பெரிது. ஆயினும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அது வாசிக்கக்கூடியதாகவே இருக்கும். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் ஹாங்காங் விமானங்களின் பதிவு வி.ஆர்.-எச். என்று தொடங்கியது, 1997இல் ஆட்சி கைமாறியபோது அது பி.-எச். என்று மாறியது. அந்த ஓரெழுத்து மாற்றத்தையும் இம்மக்கள் விடுவதில்லை. எந்த மாதத்தில் எந்த விமானம் எந்த வண்ணத்தில் பறந்தது என்பதற்கு அவர்களிடம் ஏடுகள் உண்டு. நம் இலக்கியப் பதிப்பாசிரியர் சிலரிடமும் இத்துணைக் கண்டிப்பு இருந்திருக்கலாகாதா என்று ஏங்கத் தோன்றுகிறது.

அடுத்தது தரை. மெல்லிய மணற்றாளை ஒட்டித் தார்ப்பரப்பைக் காட்டுவோர் உண்டு. அச்சடித்த விரிப்பை விரித்து முடித்துக்கொள்வோரும் உண்டு. பயணியர் கட்டடத்தோடு ஒட்டியிருந்தவை எட்டு வாயில்களே; ஏனைய விமானங்கள் திறந்த வெளியில் நிற்க, பயணிகள் பேருந்தில் செல்ல வேண்டும். அந்த எட்டு வாயில்களும், அவற்றின் நகரும் பாலங்களும், எரிபொருள் வண்டிகளும், உணவு வண்டிகளும், பெட்டிகளை இழுக்கும் சிறு தொடர்வண்டிகளும் இச்சிற்றுருக்களில் அழகுற அமைகின்றன. ஓடுபாதையின் தொடக்கத்தில் சக்கரங்கள் முதலில் தொட்ட இடத்துக் கருந்தடங்களைக்கூடப் பென்சில் தூளால் தேய்த்துக் காட்டுகின்றவர் கையைப் பாராட்டாமலிருக்க முடியாது.

ஆனால் ஓடுபாதை முழுமையாக வருவது அரிது. அதன் இறுதிக் கால நீளம் 3,390 மீட்டர். 1:400 அளவில் அது எட்டரை மீட்டர். எந்த இல்லத்தில் எட்டரை மீட்டர் மேசைக்கு இடமுண்டு? ஆகவே ஓடுபாதையைச் சுருக்குகிறார்கள், அல்லது விட்டுவிட்டு நிறுத்திடத்தை மட்டும் கட்டுகிறார்கள். இதில் நாம் குறை காண்பதற்கில்லை. நாடக மேடையில் அரண்மனையின் ஒரு தூணைக் காட்டி அரண்மனை என்றால் நாம் ஏற்றுக்கொள்ளவில்லையா? சுருக்கம் கலையின் உரிமை. எதைச் சுருக்குகிறார்கள், எதைச் சுருக்காமல் காக்கிறார்கள் என்பதில்தான் வழக்கு இருக்கிறது.

சிற்றுருவுக்கு இன்றியமையாத முதல் முடிவு ஆண்டு. கட்டடமும் ஓடுபாதையும் விமானங்களும் ஒரே ஆண்டில் நிற்க வேண்டும். திருத்தந்தை ஆறாம் பவுல் தம் ஆசியப் பயணத்தில் 1970 டிசம்பர் 4ஆம் நாள் ஹாங்காங்கில் சில மணி நேரமே தங்கி, அங்கிருந்து கொழும்புக்குச் சென்றார். வந்ததும் போனதும் கை தாக் வழியாகவே. அந்த நாளை மேசையில் நிறுத்த விரும்பும் ஒருவர் 2,529 மீட்டர் ஓடுபாதையைத்தான் கட்ட வேண்டும், ஏனெனில் அதனை நீட்டியது 1970களின் நடுவில். மேசையில் இரண்டு மீட்டருக்கும் மேல் குறையும். 747-400ஐ அங்கே நிறுத்தவும் கூடாது. அவ்வகை 1980களின் இறுதியில் வந்தது. இவற்றையெல்லாம் நாம் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இக்கலைஞர் இல்லை. விமானம் தொடர்பான ஆண்டுகளில் அவர்கள் சறுக்குவதே இல்லை எனலாம்.

அவர்கள் சறுக்குவது வேலிக்கு வெளியே. நேரிலும் நிழற்படங்களிலும் நாம் கண்ட கை தாக் சிற்றுருக்களுள் பெரும்பாலானவை நிலையத்தின் வேலியோடு முடிந்துவிடுகின்றன. அப்பால் மேசையின் விளிம்பு; அல்லது சுவரில் ஒட்டிய ஒரு நிழற்படம்; அல்லது ஊர் என்று சொல்லிக்கொள்ள, சன்னல்கூட வரையப்படாத சாம்பல் நிறப் பெட்டிகள் சில. சக்கரத்தின் அச்சாணி வரை கவனம் செலுத்திய கை, கவுலூன் நகருக்கு வந்தவுடன் சோர்ந்துவிடுகிறது. கை தாக்கைக் கை தாக் ஆக்கியது அதன் நிறுத்திடம் அன்று. எரிபொருள் வண்டியும் நகரும் பாலமும் எல்லா நிலையங்களிலும் உண்டு. வேறு எங்கும் இல்லாதது, குடியிருப்பின் தலைமேல் விமானம் வளைந்து இறங்கிய அந்த ஒன்றே. அதனை நீக்கிவிட்டுக் கட்டினால் மிஞ்சுவது கடலோரத்து ஒரு நடுத்தர நிலையம். பெயர்ப்பலகை மட்டுமே அதனைக் கை தாக் என்று சொல்லும்.

நிலையத்துக்கும் ஊருக்கும் இருந்த உறவு ஒட்டிக்கொண்டிருந்த உறவு. 1958க்கு முன் பழைய ஓடுபாதையைப் பொதுச்சாலை ஒன்று குறுக்கிட்டுச் சென்றது. நம் ஊர் இரயில்வே கேட்டைப் போலவே அங்கும் தடுப்பை இறக்கி, பேருந்துகளை நிறுத்தி, விமானத்தை விடுவார்கள். பின்னாளில் ஓடுபாதைக்கு அடியிலேயே சுரங்கச் சாலை அமைந்தது. நிலையத்தை ஒட்டி ஓடிய கை தாக் கால்வாயின் நாற்றம், விமானக் கதவு திறந்தவுடன் பயணியை முதலில் வரவேற்றது என்பது பலரும் சொன்ன செய்தி. இரவு 11.30 முதல் காலை 6.30 வரை விமானங்களுக்குத் தடை இருந்தது. ஊர் உறங்கக் கிடைத்தது அந்த ஏழு மணி நேரமே. 1996இல் ஏறத்தாழ 2 கோடியே 95 இலட்சம் பயணிகள் இவ்வழியே சென்றனர். அத்தனை பேரின் பயணமும் கவுலூன் நகரத்துப் பிள்ளைகளின் பாடநேரத்தையும் நோயாளிகளின் உறக்கத்தையும் கடந்தே சென்றது. பழைய விமானப்படைக் குடியிருப்புகளில், 1979 முதல், படகேறி வந்த வியட்நாம் அகதிகளுக்கு முகாம் ஒன்றும் இருந்தது. பறந்து செல்லும் வசதி உடையவர்களை நாள்தோறும் பார்த்துக்கொண்டு, போக இடமில்லாதவர்கள் அங்கே காத்திருந்தார்கள். எந்தச் சிற்றுருவிலும் அம்முகாமை நாம் கண்டதில்லை.

இவற்றுள் தலையாயது கவுலூன் மதில் நகரம். மதில் என்பது பெயரில் மட்டுமே எஞ்சியது. உண்மையான மதிலை ஜப்பானியர் போர்க் காலத்தில் இடித்து, அதன் கற்களை விமானத் திடலுக்குக் கொண்டுபோனார்கள். ஆட்சியுரிமை யாருக்கு என்ற வழக்குத் தீராத அந்த 2.6 எக்டேர் நிலத்தில், முறையான அனுமதி ஏதுமின்றிக் கட்டடத்தின்மேல் கட்டடமாக எழுந்த குடியிருப்பில், 1987ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 33,000 பேர் வாழ்ந்தனர். உரிமம் இல்லாத பல் மருத்துவர்கள், மீன் உருண்டை செய்வோர், சிறு பட்டறைகள். சந்துகளின் அகலம் ஓரிரு மீட்டர். அரசின் கட்டட விதி எதனையும் மதியாத அந்த ஊர் ஒரே ஒரு விதிக்குப் பணிந்தது: பதினான்கு மாடிக்குமேல் உயரக் கூடாது. விமானப் பாதை அதற்குமேல் இடம் தரவில்லை. ஒரு குடியிருப்பின் கூரையைக் கோடு போட்டு வரைந்தது ஒரு விமான நிலையம் என்றால், அவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது எப்படி நேர்மையாகும்?

இப்போது நாம் அளவுகோலை எடுத்துப் பார்ப்போம். மதில் நகரம் ஏறக்குறைய 213 மீட்டர் நீளம், 126 மீட்டர் அகலம். 1:400 அளவில் அது 53 சென்டிமீட்டருக்கு 31 சென்டிமீட்டர். நீளத்தில் மூன்று ஜம்போ விமானங்களை வரிசையாக நிறுத்தலாம், அகலத்தில் இரண்டு. ஆக, ஆறு விமானங்கள் நிற்கும் இடம் அது. ஒரு ஜம்போவில் நானூறு பேர் என்று கொண்டால், ஆறு விமானங்கள் நிற்கும் இடத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட விமானங்களின் மக்கள் குடியிருந்தார்கள். உயரம் பத்து சென்டிமீட்டர் அளவில் அமையும். மேசையில் இது எவ்வளவு பெரிய இடம்? ஒரு மூலைதான். விமானங்களை நிறுத்துவதற்காக இதனைவிடப் பன்மடங்கு பரப்பை ஒதுக்கியவர், இம்மூலைக்கு இடமில்லை என்று சொன்னால் நாம் நம்புவதற்கில்லை.

இன்னொரு தடையும் சொல்லப்படும். 1:400 அளவில் மனிதன் நான்கு மில்லிமீட்டர். குழந்தை இரண்டரை மில்லிமீட்டர். துணி காயும் கயிறு தலைமயிரினும் மெல்லியது. இதனை எப்படிச் செய்வது என்பார்கள். இது மெய்யான இடர்ப்பாடே. ஆயினும் ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் பதிவெண்ணை அச்சிட முடிந்த கைக்கு, பல் மருத்துவரின் பெயர்ப்பலகையை இரண்டரை மில்லிமீட்டரில் அச்சிட முடியாதா? கயிறு வேண்டாம், சன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கழியில் ஒரு வண்ணப் புள்ளி போதும், அது சட்டை என்று கண் தானே அறிந்துகொள்ளும். மனித உருவைச் செய்ய வேண்டும் என்றுகூட நாம் கேட்கவில்லை. மனிதர் இருந்ததற்கான அடையாளத்தைச் செய்யலாமே என்றுதான் கேட்கிறோம்.

இங்கே வேறு ஒரு சிற்றுருவை நினைத்துப் பார்ப்பது பயன் தரும். செருமனியின் ஆம்பர்க் நகரில் மினியாத்தூர் வுண்டர்லாண்டு என்னும் பெரிய சிற்றுருக் காட்சிக்கூடம் உள்ளது. 2011இல் அங்கே 1:87 அளவில் ஒரு விமான நிலையம் திறக்கப்பட்டது. அதில் விமானங்கள் ஓடுபாதையில் விரைந்து, மறைவான கம்பிகளின் துணையால் எழும்பிப் பறக்கின்றன. ஆனால் பார்ப்பவர் நின்று நெடுநேரம் நோக்குவது விமானங்களை மட்டுமன்று. இரண்டு சென்டிமீட்டர் மனிதர்களின் சச்சரவுகளையும் காதல்களையும் குறும்புகளையும். அந்த நிலையமோ உலகில் எங்கும் இல்லாதது. க்னுஃபிங்கன் என்னும் கற்பனை ஊருக்குரியது. இல்லாத ஊரில் மக்கள் நிறைந்திருக்கிறார்கள், இருந்த ஊரில் ஒருவரும் இல்லை! 1:87 அளவில் கை தாக் ஓடுபாதையைக் கட்டினால் அது 39 மீட்டர் ஆகும் என்பதை நாம் மறக்கவில்லை. பெரிய பொருட்செலவும் பெரிய கூடமும் உடையவரோடு தனி மனிதரை ஒப்பிடுவது முறையன்று. மனம் எதில் நிற்கிறது என்பதை மட்டும் ஒப்பிடலாம்.

மற்றொரு சிற்றுரு இன்னும் கூர்மையானது. மதில் நகரத்தை இடிப்பது 1987இல் அறிவிக்கப்பட்டது; மக்களை வெளியேற்றிய பின், 1993இல் தொடங்கிய இடிப்பு 1994இல் முடிந்தது. 1995இல் அவ்விடத்தில் பூங்கா திறக்கப்பட்டது. அப்பூங்காவில் மதில் நகரத்தின் வெண்கல மாதிரி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. நெருங்கிய கட்டடங்களும் ஒழுங்கற்ற கூரைகளும் அதில் தெளிவாகவே உள்ளன. ஆனால் அந்த வெண்கல ஊருக்கு மேலே வானம் வெறுமையாக இருக்கிறது. விமானம் இல்லை, பதினான்கு மாடியில் கட்டடங்கள் ஏன் ஒரே மட்டத்தில் நின்றன என்பதற்கு விடையும் இல்லை. ஆக, ஊரின் மாதிரியில் விமானம் இல்லை, விமான நிலையத்தின் மாதிரிகளில் ஊர் இல்லை. ஒரே நினைவை இருவர் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டு, ஒருவர் பங்கை மற்றவர் பாராமலே வைத்திருப்பது போலிருக்கிறது இது.

ஒளிப்படக் கலைஞர்கள் இவ்வாறு பங்கிடவில்லை. கிரெக் ஜிரார்டும் இயன் லாம்பாட்டும் மதில் நகரத்தில் ஆண்டுக்கணக்கில் எடுத்த படங்கள் 1993இல் நூலாயின. அவற்றில் சந்தின் இருளும் உண்டு. கூரையின் மேல் இரைந்து செல்லும் விமானமும் உண்டு. 1997இல் ஜப்பானில் வெளியான ஒரு பெரிய குறுக்குவெட்டு வரைபடமோ, அந்த ஊரை வாளால் பிளந்தாற்போல் பிளந்து, அறைக்கு அறை என்ன நடந்தது என்று காட்டுகிறது: ஒருவர் மாவு பிசைகிறார், ஒருவர் உறங்குகிறார். சிற்றுருக் கலைஞருக்கு மூலப்பொருள் இல்லை என்ற குறையும் இல்லை என்பதற்கே இவற்றைச் சொன்னோம்.

ஊரைச் சேர்க்கும் சிலரும் ஆண்டை மறந்துவிடுவதுதான் வியப்பு. ஹாங்காங்கின் கத்தே பசிபிக் நிறுவனம் பச்சையும் வெள்ளையுமான பட்டைகளைத் தன் விமானங்களின் வாலில் நெடுநாள் வைத்திருந்தது. கீரை வைத்த ரொட்டித் துண்டு போல இருக்கிறது என்று அதனைக் கேலி செய்வார்கள். தூரிகையால் ஒரு சிறகை இழுத்தது போன்ற இன்றைய சின்னம் 1994இல் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலிலேயே மதில் நகரத்தின் கடைசிச் சுவரும் விழுந்துவிட்டது. ஆகவே தூரிகைச் சிறகு வாலில் உள்ள விமானமும் பதினான்கு மாடி மதில் நகரமும் ஒரே மேசையில் நிற்க முடியாது. பதிவெண்ணின் ஓரெழுத்துக்காக வழக்காடும் ஒருவர், 33,000 பேரின் வீடு எந்த ஆண்டு வரை நின்றது என்பதை வழக்காடாமல் விட்டால், அவர் துல்லியம் எதன்மீது அன்பு கொண்ட துல்லியம் என்று நாம் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

விளக்குகளைப் பற்றியும் ஒரு சொல். இரவுக் காட்சியாக அமைக்கும் சிற்றுருக்களில் கடைகளின் ஒளிவிளம்பரங்கள் சிமிட்டிச் சிமிட்டி ஒளிர்ந்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கை தாக்கைச் சுற்றியிருந்த பகுதிகளில் ஒளிவிளம்பரங்கள் சிமிட்டுவது தடை செய்யப்பட்டிருந்தது, ஓடுபாதை விளக்கோ என்று விமானி மயங்கிவிடக் கூடாது என்பதற்காக. ஹாங்காங் என்றாலே சிமிட்டும் விளக்குகள் என்று நினைக்கும் நமக்கு, அசையாமல் ஒளிரும் ஒரு தெரு வியப்பைத் தரும். ஒரு நகரமே தன் கண்களை இமைக்காமல் வைத்திருந்த அந்தத் தெருவைச் செய்வதற்குக் கூடுதலாக ஒரு காசும் செலவில்லை. இமைக்கும் கருவியை வாங்காமலிருந்தால் போதும்.

திருப்பத்தைக் காட்டவும் வழியுண்டு. 200 மீட்டர் உயரம் இந்த அளவில் அரை மீட்டர். மெல்லிய கம்பியில் ஒரு விமானத்தை, வலது இறக்கை தாழ்ந்த நிலையில், கூரைகளுக்கு மேல் அரை மீட்டருக்கும் குறைவான உயரத்தில் நிறுத்தினால், எட்டரை மீட்டர் ஓடுபாதை சொல்லாததை அந்த ஒரு விமானம் சொல்லிவிடும். சக்கரங்கள் விரிந்திருக்கட்டும். ஓடுபாதையின் முதல் ஒரு மீட்டர் மட்டும் மேசையில் இருந்தாலே போதும். நிறுத்திடமே இல்லாமற் போனாலும் நாம் வருந்த மாட்டோம்.

இழப்புகளைக் காட்ட வேண்டுமா என்று கேட்பார் உண்டு. 1988 ஆகஸ்டு 31இல் சீன நாட்டு டிரைடெண்டு விமானம் ஒன்று இறங்கும்போது நேர்ந்த விபத்தில் ஏழு பேர் இறந்தனர். 1993 நவம்பர் 4இல் தைவானின் 747-400 ஒன்று ஓடுபாதையைத் தாண்டிக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 396 பேரும் உயிர் பிழைத்தனர். நீரில் நின்ற அதன் வால், இறங்குவோருக்கு வழிகாட்டும் அலைகளுக்கு இடையூறாக இருந்ததால், வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. உடைந்த விமானத்தை மேசையில் வைப்பதில் ஒரு கூச்சம் இருக்கலாம். அந்தக் கூச்சத்தை நாம் மதிக்கிறோம். பிறர் துன்பத்தைக் காட்சிப் பொருளாக்குவதைவிட அதனை விட்டுவிடுவது நன்று. ஆனால் இதே காரணத்தைக் கூறி மதில் நகரத்தை விலக்குவோரை நாம் ஒப்ப இயலாது. அங்கிருந்தது விபத்தன்று, வாழ்க்கை. அதன் வறுமையை மறைப்பது மரியாதை ஆகாது.

இன்று கவுலூன் விரிகுடாவில் அந்த விரல் இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. அதன் நுனியில் 2013இல் பயணக் கப்பல் துறை திறக்கப்பட்டது. பழைய நிறுத்திடம் இருந்த பக்கம் 2025இல் பெரிய விளையாட்டரங்கம் வந்தது. குடியிருப்புக் கோபுரங்கள் பதினான்கு மாடியைத் தாண்டி, தங்களைத் தடுக்க யாருமில்லை என்பதுபோல் உயர்கின்றன. அங்கே சென்று பார்க்கும் இளைஞன் ஒருவனுக்கு, இந்த வானத்தில் ஒரு காலத்தில் ஒரு கூரை இருந்தது என்று சொல்ல எவரும் இல்லை. சிற்றுருக் கலைஞர் மட்டுமே அதனைச் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறார்.

அப்படிச் சொல்ல விரும்பும் ஒருவருக்கு நாம் பரிந்துரைப்பது ஒன்று. 1992ஐத் தேர்ந்துகொள்ளட்டும். வால்களில் பச்சைப் பட்டை இருக்கட்டும். மதில் நகரத்தை மேசையோடு ஒட்டாமல், 53க்கு 31 சென்டிமீட்டரில் தனிப் பெட்டியாகச் செய்து, அதற்குரிய பள்ளத்தில் பொருத்தட்டும். அதே மேசையை 1994க்கு மாற்ற நினைக்கும் நாளில், முதலில் அந்தப் பெட்டியைத் தூக்கி வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பள்ளத்தில் வெறும் மண்ணை நிரப்ப வேண்டும். அதன்பின் தூரிகைச் சிறகு விமானங்களை வரிசையில் நிறுத்தலாம்.